பாவாடைக்குள்ளே ஒரு பொறியியல்!

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்த ஆடையிலும் பாதிதான் வெளியே தெரியும். மீதி உள்ளே மறைந்திருக்கும். மறைந்திருக்கும் அந்தப் பாதியைப் பற்றித்தான் நண்பர்களே, இந்தக் கட்டுரை!

மாணவர் பேரவை மலருக்கு யார் யார் என்ன எழுதப் போகிறீர்கள் என்று செயலாளர் அண்ணன் கேட்டார். ஒருவன் "இளைஞர் சக்தி" என்றான். ஒருவன் "கணிப்பொறியின் எதிர்காலம்" என்றான். என் முறை வந்தது. "பிரில் வச்ச உள்பாவாடையின் வரலாறு" என்றேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. "டேய், இதை லேடீஸ் ஹாஸ்டல்லயும் படிப்பாங்கடா" என்று ஒருவன் காதில் கிசுகிசுத்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எழுதிக் குடு, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இந்தத் தலைப்பு எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது. ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே இன்ஸ்கர்ட் தைக்கிறார். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். தைத்து, ஓரம் அடித்து, நாடா கோத்து, டஜன் டஜனாகக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நாடா கோக்கும் வேலை ஐந்தாம் வகுப்பிலிருந்தே என்னுடையது. நாடா நுனியில் ஊக்கைக் குத்தி, இடுப்புப் பட்டிக்குள் விட்டு, விரலால் தள்ளித் தள்ளி மறுபக்கம் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்கான பீஸில் பாதி, அந்த நாடாவில் கோத்து வந்த பணம்தான்.

எட்டாம் வகுப்பில் நண்பன் ஒருவன் திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்டான். மடி நிறையப் பாவாடையோடு நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் "பாவாடை". அன்று முதல் யார் வந்தாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் நாடா கோப்பேன்.

ஆனால் பாலிடெக்னிக் வந்து, பட்டறையில் எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கிய நாளில் ஒன்று புரிந்தது. நான் கேலிக்குப் பயந்து கதவைச் சாத்திய அந்தப் பாவாடைக்குள் எஃகும் இருந்திருக்கிறது; வேதியியலும் இருந்திருக்கிறது; உயிர்ப்பலியும் இருந்திருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

முதலில் அது ஆண்களுடையது!

"பெட்டிகோட்" என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் "சின்னக் கோட்டு" என்றுதான் அர்த்தம். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் மேல்சட்டைக்கு உள்ளே குளிருக்காகப் போட்ட சிறு சட்டைக்குத்தான் அந்தப் பெயர். பிறகுதான் அது பெண்களின் உள்பாவாடைக்குப் போனது. என்னைக் கேலி செய்த நண்பன் இதைப் படித்தால் நன்றாக இருக்கும்!

உள்பாவாடைக்குள் முதலில் வளையம் வைத்தது ஸ்பெயின் நாடு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரண்மனைப் பெண்கள் வளையும் மரக்குச்சிகளைப் பாவாடையில் வரிசையாக வைத்துத் தைத்தார்கள். மணியைக் கவிழ்த்து வைத்தது போல் பாவாடை நிற்கும். 1501இல் ஸ்பெயின் இளவரசி கேத்தரின் திருமணத்துக்காக இங்கிலாந்து வந்தபோது இந்த உடையோடுதான் வந்தார். 18ஆம் நூற்றாண்டில் இடுப்பின் இரண்டு பக்கமும் கூடை கட்டியது போல் பாவாடை அகன்றது. அதன் பெயரே பிரெஞ்சு மொழியில் "கூடை"தான். குச்சிக்குப் பதில் திமிங்கிலத்தின் வாயில் உள்ள வடிகட்டிப் பட்டைகளை வெட்டிப் பயன்படுத்தினார்கள். வளையும், ஒடியாது. பிளாஸ்டிக் இல்லாத காலத்துப் பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீமாட்டியின் பாவாடை விரிய, கடலில் ஒரு திமிங்கிலம் சாக வேண்டியிருந்தது.

1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கூடை போயிற்று. நம் வங்காளத்து மஸ்லின் போன்ற மெல்லிய துணியில் நேராகத் தொங்கும் கவுன் வந்தது. உடை மெல்லியதானதும் குளிருக்கும் மறைவுக்கும் உள்ளே நீளமான கால்சட்டை போடும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. சிறுமிகளுக்கு அது கணுக்கால் வரை வரும். ஓரத்தில் பிரிலும் லேஸும் இருக்கும். தெருச் சேற்றில் அழுக்காவது அந்த ஓரம்தான் என்பதால், சில வீடுகளில் பிரில் வைத்த கீழ்ப்பகுதியை மட்டும் தனியாகத் தைத்து முழங்காலுக்குக் கீழே கட்டிவிடுவார்கள். கழற்றித் துவைத்தால் போதும். சிக்கனம் எந்த ஊர் அம்மாவுக்கும் ஒன்றுதான்!

ஆறு பாவாடைக்குப் பதில் ஒரு கூண்டு

1840களில் பாவாடை மறுபடி அகலமாயிற்று. அகலத்தைத் தாங்க ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து, ஆறு உள்பாவாடை போட வேண்டியிருந்தது. கஞ்சி போட்டது ஒன்று, பிரில் வைத்தது ஒன்று, கம்பளியில் ஒன்று, குதிரை முடியைச் சேர்த்து நெய்த விறைப்பான துணியில் ஒன்று. குதிரை முடிக்குப் பிரெஞ்சில் "கிரின்". அதிலிருந்து வந்த பெயர்தான் "கிரினோலின்". இத்தனையையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதை நினைத்துப் பாருங்கள். கோடையில் என்ன பாடு!

1856இல் பாரிஸில் ஒரு காப்புரிமை பதிவானது. மெல்லிய எஃகு வளையங்களை அளவு வாரியாக, மேலே சிறிது கீழே பெரிது என்று அடுக்கி, இடுப்புப் பட்டியிலிருந்து துணி நாடாக்களால் தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான்! ஆறு பாவாடையின் வேலையை ஒரு கூண்டு செய்தது. கால்கள் உள்ளே சுதந்திரமாக அசைந்தன. இன்று கூண்டு என்று சொல்லிச் சிரிக்கிறோம். அன்று அதைப் போட்ட பெண்கள் "அப்பாடா" என்றுதான் மூச்சு விட்டிருப்பார்கள்.

இங்கே நம் பாடம் வருகிறது. சாதாரணக் கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். உட்கார்ந்து எழுந்ததும் பாவாடை நசுங்கிய தகரமாகிவிடும். ஸ்பிரிங் எஃகு என்றால், மீள்தன்மை எல்லைக்குள் எவ்வளவு வளைத்தாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதற்குத்தான் எஃகைக் கடினப்படுத்தி, பிறகு மிதமாகச் சூடுபடுத்திப் பதப்படுத்துகிறோம். கடினப்படுத்தி மட்டும் விட்டால் கண்ணாடி மாதிரி ஒடியும். பட்டறையில் நாம் உளியைப் பதப்படுத்தும் அதே வித்தை! இந்த எஃகுப் பட்டையை நூலால் பின்னி மூடினார்கள். துணி கிழியாது, துருவும் ஓரளவு தடுக்கப்படும். வளையங்கள் நாடாவில் தொங்குவதால், உட்காரும்போது ஒன்றின்மேல் ஒன்றாக மடங்கிப் படிந்துவிடும்.

எஃகு மலிவாகிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கரான தாம்சன் என்பவரின் நியூயார்க் தொழிற்சாலையில் 1859இல் நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கூண்டுகள் தயாராயின. அரசியும் அணிந்தார், அவருடைய சமையல்காரப் பெண்ணும் அணிந்தாள். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே வடிவம் கிடைத்த முதல் உடைகளில் இதுவும் ஒன்று.

பிரில் கணக்கு

கூண்டின் வளையம் வெளியே தடம் காட்டும். அதை மறைக்க மேலே ஒரு பிரில் பாவாடை தேவை. பிரில் என்றால் சும்மாவா? அம்மாவிடம் கேட்டால் வாய்க்கணக்காகவே சொல்வார். பிரில் நன்றாக எழும்ப ஒன்றுக்கு இரண்டு துணி வேண்டும். பாவாடை அடிச்சுற்று இரண்டரை மீட்டர் என்றால் ஐந்து மீட்டர் பட்டையைச் சுருக்க வேண்டும். மூன்று அடுக்குப் பாவாடை என்றால் ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கைப் போல் ஒன்றரை மடங்கு. மேலே 1 மீட்டர், அடுத்து 1.5, அடுத்து 2.25. சூத்திரம் தெரியாமலே பெருக்குத் தொடர் போடுகிறார் என் அம்மா!

இனி 1860ஆம் ஆண்டுப் பாவாடைக்கு வாருங்கள். அடிச்சுற்று ஐந்தரை மீட்டர் என்று வையுங்கள். 3.14ஆல் வகுத்தால் விட்டம் 1.75 மீட்டர். ஒரு ஆள் உயரம்! அதில் ஒரே ஒரு பிரில் வரிசை வைக்கவே 11 மீட்டர் பட்டை வேண்டும். கையால் சுருக்கித் தைத்தால் எத்தனை இரவு?

அதற்குத்தான் இயந்திரங்கள் வந்தன. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809இல் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் பின்னினால் பிரபுக்கள் மட்டுமே வாங்க முடிந்த லேஸ், மெல்ல மெல்ல எல்லார் கைக்கும் வந்தது. ஆனால் வேலை போகும், கூலி குறையும் என்று பயந்த தொழிலாளர்கள் 1816இல் லஃப்பரோ நகரில் அவருடைய ஆலைக்குள் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் தென்மேற்கே டிவர்ட்டன் என்ற ஊருக்கு ஆலையையே மாற்றிக்கொண்டார். இயந்திரம் படிக்கும் நாம், உடைத்தவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு இயந்திரத்தின்மேல் கோபமில்லை, சோற்றுக்குத்தான் பயம்.

தையல் இயந்திரத்துக்கு 1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் காப்புரிமை பெற்றார்கள். கைத்தையல் ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். இயந்திர ஊசிக்குக் காது கூர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும். மேல்நூல் ஊசியோடு இறங்க, கீழ்நூலோடு பின்னிக்கொண்டு முடிச்சு விழுகிறது. அந்தச் சின்ன மாற்றம்தான் எல்லாம். வேலை வேகமானது. ஓய்வு கிடைத்ததா? இல்லை! ஒரு வரிசை பிரில் வைத்த இடத்தில் ஐந்து வரிசை கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கால் மெஷினுக்கு மோட்டார் போட்டபோது, "இனி ராத்திரி நேரத்துல படுக்கலாம்" என்றார் அம்மா. வந்த கட்டு ஒன்றரை மடங்காயிற்று. படுக்கும் நேரம் மாறவே இல்லை.

1863ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பாவாடைக் கதையில் மறக்கக் கூடாத ஆண்டு 1863. அந்த ஓர் ஆண்டில் மூன்று சாவுகள்.

முதலாவது, லண்டன், ஜூன் மாதம். மேரி ஆன் வாக்லி, வயது 20. சீமாட்டிகளுக்கு உடை தைக்கும் நிறுவனத்தில் தையல் வேலை. புதிதாக வந்த இளவரசிக்கான நடன விருந்துக்கு உடைகள் உடனே வேண்டும் என்று, மற்ற அறுபது பெண்களோடு சேர்ந்து இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாமல் தைத்தாள். ஓர் அறைக்கு முப்பது பேர், போதிய காற்றில்லை. வெள்ளிக்கிழமை படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். பத்திரிகைகள் கொதித்தன. கார்ல் மார்க்ஸ் தன் "மூலதனம்" முதல் தொகுதியில் இவள் கதையை எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, பாரிஸ், ஜூலை மாதம். எம்மா லிவ்ரி, பாலே நடன நட்சத்திரம். முந்தைய நவம்பரில், 1862இல், ஒத்திகையின்போது அவருடைய அடுக்கடுக்கான மெல்லிய பாவாடை மேடையின் எரிவாயு விளக்கில் பட்டது. நொடியில் தீ. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். இதில் கொடுமை என்னவென்றால், தீப்பிடிக்காமல் துணியைப் பதப்படுத்தும் முறை அப்போதே இருந்தது. படிகாரம், போராக்ஸ் கலந்த கரைசலில் துணியை நனைக்க வேண்டும். மேடை உடைகளை அப்படிச் செய்ய வேண்டும் என்று 1859இல் அரசு உத்தரவே போட்டிருந்தது. நனைத்தால் துணி விறைத்து, மங்கிப் போகும். நடனம் அழகாக இராது என்று லிவ்ரி மறுத்துவிட்டார்.

மூன்றாவது, தென் அமெரிக்கா, சிலி நாட்டின் சாண்டியாகோ, டிசம்பர் 8. அமலோற்பவ அன்னை திருநாள். இயேசு சபை தேவாலயத்தில் பெண்கள் கூட்டம் நிரம்பி வழிந்தது. பீடத்து விளக்கிலிருந்து தீ பரவியது. எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். விட்டம் ஒன்றே முக்கால் மீட்டர் பாவாடைகள் ஒன்றோடொன்று மாட்டி வாசலையே அடைத்துக்கொண்டன. விழுந்தவர்களால் எழ முடியவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலி. பெரும்பாலோர் பெண்கள். அந்தத் துயரத்திலிருந்துதான் பன்னிரண்டே நாளில், டிசம்பர் 20 அன்று, சாண்டியாகோவின் தொண்டர் தீயணைப்புப் படை பிறந்தது.

தைத்தவள் ஒருத்தி, ஆடியவள் ஒருத்தி, கும்பிடப் போனவர்கள் இரண்டாயிரம் பேர். பாவாடையைப் பற்றி எழுதுவது சிரிப்பான விஷயமா, நண்பர்களே?

பாவாடையில் தீ ஏன் அப்படிப் பாய்கிறது?

தீக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, வெப்பம். தடித்த போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல்கள் நெருங்கியிருக்கும், காற்று உள்ளே போகாது, மெதுவாகக் கருகும். மெல்லிய துணியில் பிரில் வைத்தால் எடை குறைவு, பரப்பு அதிகம். ஒவ்வொரு சுருக்கத்துக்குள்ளும் காற்று நிற்கிறது. விறகுக் கட்டையைப் பற்றவைப்பதற்கும் சிராய்த்தூளைப் பற்றவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கூண்டுப் பாவாடையில் இன்னும் மோசம். உள்ளே வெற்றிடம். அடியில் காற்று புகுந்து, சூடாகி, மேலே ஏறும். சரியான புகைபோக்கி! போதாததற்கு, பாவாடை விளிம்பு உடம்பிலிருந்து இரண்டடிக்கும் தள்ளி இருக்கும். அது கணப்படுப்பில் உரசுவது அணிந்தவளுக்கே தெரியாது.

இதற்கு வேதியியலார் நெடுநாள் போராடினார்கள். 1821இலேயே பிரான்சின் கே-லுசாக் அம்மோனியம் உப்புகளும் போராக்ஸும் துணி தீப்பிடிப்பதைத் தடுக்கும் என்று காட்டினார். ஆமாம், நம் வேதியியல் புத்தகத்தில் வாயு விதிக்கு வருகிற அதே கே-லுசாக்தான்! 1859இல் லண்டனில் வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற இருவர் பல உப்புகளைச் சோதித்து, சோடியம் டங்ஸ்டேட்டைக் கஞ்சியோடு கலந்து போடலாம் என்றார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறை: ஒருமுறை துவைத்தால் உப்பு கரைந்து போய்விடும்.

இங்கே ஒரு தகப்பன்-மகன் கதை. கூண்டுப் பாவாடை வந்த அதே 1856இல், லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற மாணவர் மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது கறுப்புக் கசடு. அதைக் கழுவும்போது அழகான ஊதா நிறம் வந்தது. அதுதான் உலகின் முதல் பெரும் செயற்கைச் சாயம்! அப்போது அவருக்கு வயது 18. என் வயது! (நான் பட்டறையில் இன்னும் ஒரு "வி" வெட்டையே ஒழுங்காக ராவ முடியாமல் இருக்கிறேன்.) மீட்டர் மீட்டராகத் துணி தின்ற அந்த அகலப் பாவாடைகள் அவருடைய சாயத்துக்கு நல்ல சந்தையாயின.

அவருடைய மகன் பெயரும் வில்லியம் பெர்க்கின். மான்செஸ்டரில் வேதியியல் பேராசிரியர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏழைக் குழந்தைகள் குளிருக்குப் போட்ட மலிவான பஞ்சுத் துணி நைட்கவுன்கள் தீப்பிடித்துக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். மகன் பெர்க்கின் துணியை முதலில் சோடியம் ஸ்டானேட் கரைசலிலும், காய்ந்த பிறகு அம்மோனியம் சல்பேட் கரைசலிலும் நனைத்தார். வெள்ளீய ஆக்சைடு நூலிழைக்குள்ளேயே படிந்தது. தண்ணீரில் கரையாது, துவைத்தாலும் போகாது! தகப்பன் பாவாடைக்கு நிறம் கொடுத்தார். மகன் தீயிலிருந்து காப்பாற்றப் பார்த்தார். ஆனால் அந்தத் துணிக்குக் கொஞ்சம் விலை கூடுதல். கண்டுபிடிப்பு இருந்தால் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்று உலகம் புரிந்துகொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. எளிதில் தீப்பிடிக்கும் துணிகளுக்கு எதிராக அமெரிக்கா 1953இலும், குழந்தைகளின் இரவு உடைக்காகப் பிரிட்டன் 1964இலும் விதிகள் கொண்டுவந்தன.

எதிர்த்தவர்கள்

பெண்கள் எல்லாரும் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1851இல் அமீலியா புளூமர் என்ற பத்திரிகை ஆசிரியை, முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடையும் அதன் கீழே தொளதொளத்த கால்சட்டையும் அணிந்து, எல்லாரும் அணியச் சொல்லி எழுதினார். தெருவில் கல்லெறியாத குறைதான்! கேலிப்படங்கள் குவிந்தன. ஆனாலும் அவர் பெயரே அந்த உடைக்கு நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1859வாக்கில் அவரே அதை விட்டுவிட்டுக் கூண்டுப் பாவாடைக்கு மாறினார். ஆறு பாவாடைச் சுமை போய்விட்டதே, அது போதும் என்பது அவர் கணக்கு.

ஆலைகளில் நிலைமை வேறு. சுழலும் பட்டையிலும் பற்சக்கரத்திலும் அகலப் பாவாடை மாட்டினால் உயிர் போகும். 1860இல் இங்கிலாந்தின் கோர்ட்டால்ட்ஸ் ஜவுளி நிறுவனம் தன் தொழிலாளிப் பெண்களிடம் கூண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னது. பட்டறையில் நம் வாத்தியார் "சட்டையை உள்ள விடு, கையை மடக்கு" என்று கத்துவது இதற்குத்தான்!

1881இல் லண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஒரு பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை, காலணி நீங்கலாக, 7 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். இதுதான் குறைத்த எடை என்றால், குறைக்காத எடை எவ்வளவு இருந்திருக்கும்!

கூண்டு 1860களின் கடைசியில் மறைந்தது. பிரில் மறையவில்லை. 1890களில் பட்டுப் பிரில் பாவாடை நடக்கும்போது சரசரக்கும். அந்தச் சத்தத்துக்கே பிரெஞ்சில் "ஃப்ரூ-ஃப்ரூ" என்று ஒரு சொல் உண்டு. இரண்டு உலகப் போர்களில் பெண்கள் ஆலைக்குப் போனார்கள், பிரில் சுருங்கியது. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். அந்தப் பஞ்சத்தின் நடுவே 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் மீட்டர் கணக்கில் துணி விழுங்கும் அகலப் பாவாடையைக் கொண்டுவந்தார். ஆசை அடங்கவில்லை பாருங்கள்! ஆனால் இந்த முறை உள்ளே எஃகு இல்லை. 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலானில் செய்த வலைப் பிரில்கள் வேலையைச் செய்தன.

நம் வீட்டுக்கு வருவோம்

என் பாட்டி கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுவார். உள்ளே இன்ஸ்கர்ட் கிடையாது. "எனக்கெதுக்குச் சாமி அது? சேலையே பதினாறு முழம்" என்பார். சேலைக்குள் இன்ஸ்கர்ட்டும் மேலே ரவிக்கையும் என்ற இன்றைய முறை பரவியதில், வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவிக்கு ஒரு பங்கு உண்டு. அவர் கணவர் சத்யேந்திரநாத் தாகூர், ஐ.சி.எஸ். தேர்ந்த முதல் இந்தியர். 1860களில் கணவரோடு பம்பாய் போன அவர், பார்சிப் பெண்கள் சேலை கட்டும் விதத்தைப் பார்த்துத் தனக்கேற்ப மாற்றி, வெளியே போகத் தகுந்த உடையாக்கினார். வீட்டுக்குள்ளேயே இருந்த பெண் வெளியே வர, உள்ளே ஒரு பாவாடையும் துணை செய்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு இன்ஸ்கர்ட்டோடு நைட்டிக் கட்டும் வருகிறது. கையில் பிரில், கழுத்தில் பிரில், பெரும்பாலும் பாலியஸ்டர். போன வருஷம் எங்கள் தெரு அக்கா ஒருவர் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கைப் பிரில் பக்கத்து பர்னரில் பட்டது. பருத்தி என்றால் எரியும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பயத்தில் அவர் வெளியே ஓடினார். ஓட ஓடக் காற்று, காற்றில் தீ. யாரோ பேனா மையை ஊற்றினார்கள். உயிர் பிழைத்தார். கை மடங்காது.

1863க்கும் போன வருஷத்துக்கும் என்ன வித்தியாசம்? அதனால் இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் சொல்லுங்கள். அடுப்படியில் தொங்கும் பிரில் வேண்டாம். கையை மடித்து ஊக்குக் குத்துங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நில், படு, உருள். தடித்த பருத்தி அல்லது கம்பளிப் போர்வையால் மூடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தில் ஓடவிடுங்கள். மை, பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டார். மேரி ஆன் வாக்லி வந்த இடத்தில் மட்டும் மெஷின் நின்றது.

"எத்தன மணிநேரம்னு சொன்னே கண்ணு?"

"இருபத்தாறரை மணிநேரம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தீவாளிக் கட்டுக்கு நானும் அப்படி ரெண்டு ராத்திரி ஒக்காந்திருக்கறேன். அந்தப் புள்ளைக்குத் தண்ணிகூட யாரும் மோந்து குடுத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார். அன்று இரவு நான் நாடா கோத்தபோது கதவைச் சாத்தவில்லை.

முதலாம் ஆண்டு சேர்க்கைப் படிவத்தில் "தாயார் தொழில்" என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதினேன். இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவம் வந்தது. "தையல் தொழிலாளி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் வாங்கியவர் கண்டுகொள்ளக்கூட இல்லை. ஆனால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நண்பர்களே, நீங்களும் இனி ஒரு பிரிலைப் பார்த்தால், அதற்குள் எஃகும் ஊசியும் சாயமும் தீயும் ஒளிந்திருப்பதை நினையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் சுருக்கித் தைத்த ஒரு பெண்ணின் விரலை நினையுங்கள்.